குளிர்ந்த ஊரின் வெயில்

பெங்களூருக்குக் குடிவந்த நம்மவர்களில் யாரைக் கேட்டாலும் இந்த ஊரைப் பற்றிச் சொல்லும் முதல் பாராட்டு, "இங்கே வெயிலே தெரியறதில்லை சார்" என்பதுதான். அதிலும் வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்களைக் கேட்கவே வேண்டாம். வேலூரை 'வெயிலூர்' என்று கேலி பேசியே வளர்ந்தவர்களுக்கு, ஏப்ரல் மாதத்திலும் சாயங்காலம் குளுகுளுவென்று காற்று வீசும் ஊர் சொர்க்கம்தானே!

ஆனால் அதே வீடுகளில், வந்து பத்துப் பதினைந்து வருடங்களில், அம்மாவின் கன்னத்தில் மங்கு படர்கிறது. அப்பாவின் நெற்றியும் பிடரியும் கறுத்துப் போகின்றன. ஸ்கூட்டர் ஓட்டும் பிள்ளையின் கையில், சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு போட்டாற்போல இரண்டு நிறம். வெயிலே தெரியாத ஊரில் இது எப்படி? தண்ணீர் சரியில்லை என்பார்கள், வயசாகிறது என்பார்கள். வெயிலைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை.

சூடு வேறு, தோலைக் கெடுக்கும் கதிர் வேறு. இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலார் சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் சூடு அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டே, 1801-இல், ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் எதிர்ப்பக்கத்தில், ஊதா நிறத்துக்கு அப்பால் தேடினார். அங்கே வைத்த வெள்ளி உப்பு மற்ற இடங்களைவிட வேகமாகக் கறுத்தது. முதலாவது அகச்சிவப்பு, இரண்டாவது புற ஊதா. நம் உடம்பு உணர்வதில் பெரும்பகுதி சூடுதான். புற ஊதாவை உணர்வதற்கு நமக்குப் புலன் கிடையாது. ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடை நண்பகலில் தண்டவாளம் காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகச் சூடேறும். அதை அளக்கத் தண்டவாளத்திலேயே ஒட்டவைக்கும் வெப்பமானி உண்டு. புற ஊதாவுக்கு அப்படித் தொட்டு அறியும் வழி இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னை, வேலூர், பெங்களூர் மூன்றும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 13 டிகிரியில் இருக்கின்றன. ஆகவே சூரியன் மூன்று ஊர்களிலும் ஒரே உயரத்துக்குத்தான் ஏறுகிறது. வித்தியாசம் தரையின் உயரத்தில். ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை சென்ட்ரலில் சில மீட்டர்கள்தான். பெங்களூரில் ஏறத்தாழ 900. மேலே போகப்போகக் காற்றின் சூடு குறைகிறது. ஆனால் புற ஊதாவைத் தடுக்கும் காற்றுப் போர்வையும் மெலிகிறது. 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் புற ஊதா கூடும் என்பது பொதுவான கணக்கு. ஆக, வேலூரைவிடக் குளிர்ச்சியான இந்த ஊரில், வானம் தெளிவாக இருந்தால், புற ஊதா வேலூரைவிடச் சற்று அதிகம்! உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 3-க்கு மேல் போனாலே பாதுகாப்பு வேண்டும், 11-ஐ எட்டினால் மிகக் கடுமை. மார்ச், ஏப்ரல் நண்பகலில் பெங்களூர் 11-ஐத் தாண்டுகிறது. மேகமூட்டமாக இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. மெல்லிய மேகத்தைப் புற ஊதா எளிதாகக் கடந்து வரும்.

அப்படியானால் எதை வைத்து அறிவது? நிழலை வைத்துத்தான். ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்டு 18 வாக்கிலும், நண்பகலில் சூரியன் பெங்களூரின் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த குச்சிக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. 2024 ஏப்ரல் 24 அன்று கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் இந்த 'நிழலில்லா நாளை'ப் பொதுமக்களுக்குக் காட்டும் நிகழ்ச்சி நடத்தியது. குழந்தைகளுக்கு இது வேடிக்கை. நமக்கோ நல்ல அளவுகோல். விதி எளிது: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா பலமாக இருக்கிறது என்று பொருள். ஏப்ரல் கடைசியில் இது காலை ஒன்பதே காலுக்கே தொடங்கி, மாலை மூன்றரைக்குச் சற்று முன்புதான் முடிகிறது.

மார்கழிக் குளிரில் இது உண்டா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 21 அன்று இங்கே நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 53½ டிகிரி உயரத்தில் நிற்கும். ஐந்தரை அடி ஆளுக்கு நிழல் நாலடிதான். அதாவது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் பள்ளி விளையாட்டு விழாவைப் பார்க்க மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறோமே, அந்த நாளிலும் பத்தரை மணி முதல் இரண்டு மணி வரை நிழல் நம்மைவிடக் குட்டை.

சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லையில் பிட்ஸ் புயின் என்று ஒரு பனிமலை. 1938-இல் அதில் ஏறிய ஃபிரான்ஸ் கிரெய்ட்டர் என்ற ரசாயன மாணவர், பனியின் நடுவே வெயிலில் தோல் வெந்து போய்த்தான் வெயில்காப்பு க்ரீம் செய்யும் யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். எஸ்.பி.எஃப். என்ற அளவையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். பெங்களூர் பனிமலை அல்ல, ஆனாலும் சங்கதி ஒன்றுதான்.

நம் மாநிறத் தோலுக்கு இயற்கையே ஓரளவு காப்புக் கொடுத்திருக்கிறது என்பது உண்மை. வெள்ளைத் தோல்காரர்களை வாட்டும் தோல் புற்றுநோய் நம்மிடையே அரிது. வீணாகப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் மங்கு, கரும்புள்ளி, முன்கூட்டியே விழும் சுருக்கம், கண்புரை ஆகியவற்றை அந்த நிறம் முழுதும் தடுப்பதில்லை. மங்கு நம் நிறத்தவர்களுக்கே அதிகம். வந்துவிட்டால் போக்க மாதக்கணக்கில் வைத்தியம். போனது வெயில் பட்டால் திரும்பி வரும். வெண்புள்ளி உள்ள இடத்தில் நிறமியே இல்லாததால் அங்கே வெயில் நேரடியாகச் சுடும்.

இனி க்ரீம் விஷயம். கடையில் சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய ட்யூபைப் பத்திரமாக ஆறு மாதம், எட்டு மாதம் வைத்துப் பூசும் வீடுகள் பல. அது சிக்கனம் இல்லை, வீண் செலவு. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.எஃப். எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். இது சுமார் 20 மைக்ரான் தடிமன். இரும்புப் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தபின் அது எத்தனை மைக்ரான் ஏறியிருக்கிறது என்று கருவி வைத்துப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். குறைந்தால் ஒப்பந்தக்காரர் மறுபடி அடிக்க வேண்டும். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது அங்கே செல்லாது. க்ரீமும் அப்படித்தான். பெரும்பாலோர் பூசுவது தேவையானதில் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு. 50 என்று போட்ட க்ரீமை இப்படிப் பூசினால் 50 கிடைக்காது, அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

முகம், காது, கழுத்து முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு தடவைக்கு 1.2 கிராம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் க்ரீமைப் பிதுக்கினால் ஏறக்குறைய இந்த அளவு வரும். 50 கிராம் ட்யூப் நாளுக்கு ஒரு தடவை பூசினால் 41 நாள், இரண்டு தடவை என்றால் 20 நாள். உங்கள் வீட்டு ட்யூப் எத்தனை நாள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.பி.எஃப். 30 என்றால் தோலைச் சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகிறது. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. 97-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம். ஆகையால் 30-ஐத் தாராளமாகப் பூசுவது, 70-ஐக் கஞ்சத்தனமாகப் பூசுவதைவிட மேல். இந்த எண் முக்கியமாக யூ.வி.பி. கதிருக்குத்தான். கறுக்கவைத்துச் சுருக்கம் விழச்செய்யும் யூ.வி.ஏ. கதிருக்கு, பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள், மூன்றாவது இருக்கட்டும். யூ.வி.ஏ. சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். அமெரிக்காவில் 28 ஆண்டு டெலிவரி லாரி ஓட்டிய ஒருவரின் முகத்தில், ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி மட்டும் வரிவரியாகச் சுருங்கிப் போன படம் 2012-இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. நம் நாட்டில் ஸ்டியரிங் வலப்பக்கம். சில்க் போர்டு சந்திப்பில் அரைமணி நேரம் காரில் காத்திருப்பவர்கள் தங்கள் வலது கன்னத்தையும் கையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பே பூசி, அது படிந்த பிறகு பவுடர் போட்டுக்கொள்ளுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொரு தடவை மறுபடி பூச வேண்டும். வியர்த்துத் துடைத்தால் அதற்கும் முன்பே. காது மடல், பிடரி, பெண்களுக்கு ரவிக்கைக்கு மேல் தெரியும் முதுகு, ஆண்களுக்கு வழுக்கை, செருப்பு வார் விட்ட பாதம், இவையெல்லாம் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஆகாது. அவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் க்ரீமைத் தோல் மருத்துவரிடம் கேட்டு வாங்கலாம். தேங்காயெண்ணெய் தோலுக்கு நல்லது, வெயிலுக்குக் காப்பு அல்ல. இன்னொன்றும் சொல்லவேண்டும். இது சிவப்பழகு க்ரீம் இல்லை. ஃபேர் அண்டு லவ்லியே 2020-இல் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. கல்யாண விளம்பரம் கொடுக்கும் நாம்தான் இன்னும் மாறவில்லை!

க்ரீமைவிடத் துணி மேல் என்பது என் அபிப்பிராயம். ஆஸ்திரேலியாவில் 1981-இல் 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' என்று ஒரு பிரசாரம் தொடங்கினார்கள்: சட்டையை மாட்டு, க்ரீமைப் பூசு, தொப்பியை வை. வரிசையில் சட்டைதான் முதல் என்பதைக் கவனியுங்கள். பிறகு 2007-இல் நிழலையும் கறுப்புக் கண்ணாடியையும் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் ஸ்கூட்டரில் முழங்கை வரை உறை போட்டு, துப்பட்டாவால் முகம் மூடிப் போவதைக் கேலி செய்பவர்கள் உண்டு. அவர்கள் செய்வதுதான் சரி. நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்தி கொஞ்சம்தான் தடுக்கும், நனைந்தால் அதுவும் குறையும். கறுப்புக் குடை புற ஊதாவில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஊரில் வெயிலுக்குக் குடை பிடித்த நம் பெரியவர்கள், பெங்களூர் வந்ததும் அதை மழைக்கென்று ஒதுக்கிவிட்டார்கள்.

ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, சில தொற்றுகளுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படுவதாக ஆக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். வைட்டமின் டி குறையுமே என்பவர்களுக்கு: கை கால்களில் சிறிது நேரம் வெயில் பட்டால் போதும், முகத்தைக் காயவைக்க வேண்டியதில்லை. அல்சூர் ஏரிக்கரையில் விடியற்காலையில் நடப்பது உடம்புக்கு மிக நல்லது, ஆனால் நிழல் நீண்டிருக்கும் அந்த வேளையில் வைட்டமின் டி தரும் கதிர் குறைவு. குறைபாடு இருந்தால் ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் க்ரீம் வேண்டாம், நிழல் போதும். பெரிய பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளிக்குப் போகும்போது பூசிவிட்டது மத்தியானக் கிரிக்கெட்டுக்குத் தாங்காது. பையில் ஒரு தொப்பியை வைத்து அனுப்புங்கள். ட்யூபை ஸ்கூட்டர் டிக்கியிலோ கார் டாஷ்போர்டிலோ விட்டுவைத்தால் சூட்டில் மருந்து கெட்டுப்போகும்; வீட்டிலேயே, காலாவதித் தேதி தெரியும்படி வையுங்கள்.