நான்கு கிட்டார்களில் ஒரு மழை

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுவுக்கு இசை எழுதுபவருக்கு ஒரு வசதி உண்டு. மேல், நடு, கீழ் என்று கருவிகளே ஸ்தாயிகளைப் பிரித்துக்கொண்டுவிடும். நான்கு கிட்டார்களுக்கு எழுதுபவருக்கு அது கிடையாது. நான்கும் ஒலிப்பது ஏறத்தாழ அதே மூன்றரை ஸ்தாயிக்குள். நான்குக்கும் ஒரே குரல். போதாக்குறைக்கு, சுண்டிய ஸ்வரம் சில நொடிகளில் தேய்ந்துவிடும். வில் போட்டு இழுத்து நீட்ட வழியில்லை. ஆளுக்கொரு மெட்டைக் கொடுத்துவிட்டால் நடு ஸ்தாயியில் எல்லாம் மோதிக் குழம்பும்.

இந்தக் குறைகளையே மூலப்பொருளாக்கிக் காட்டியவர் கியூபாவின் லியோ ப்ரூவர். 1939இல் ஹவானாவில் பிறந்தவர். கிட்டார் கலைஞர், திரைப்படங்களுக்கும் இசையமைத்தவர். அவர் 1984இல் எழுதிய 'மழையுடன் கியூப நிலக்காட்சி' நான்கு கிட்டார்களுக்கானது. பெரிய கிட்டார் குழுக்களும் அதை வாசிப்பதுண்டு.

தொடக்கத்தில் மெட்டு என்று எதுவும் இல்லை. ஒருவர் ஒரு ஸ்வரம், இன்னொருவர் இன்னொன்று, இடையே மௌனம். தூறல் ஆரம்பித்துவிட்டது. சட்டென்று தேயும் ஒலிதான் மழைத்துளிக்குப் பொருத்தம். நான்கு குரலும் ஒன்றுபோலிருப்பதால் எந்தத் துளி யார் கையிலிருந்து விழுந்தது என்று காது கண்டுபிடிக்காது.

துளிகள் நெருங்க நெருங்க, சிறு சிறு ஸ்வரக்கோவைகள் திரும்பத் திரும்ப ஒலித்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இது ஸ்டீவ் ரைக், ஃபிலிப் கிளாஸ் போன்றோர் வளர்த்த மினிமலிச பாணி. ஒருவரின் ஸ்வரம் அடங்குமுன் அடுத்தவருடையது எழுவதால், நீளாத ஒலிகள் சேர்ந்து நீண்ட ஓட்டமாகின்றன. மழை வலுத்து உச்சிக்கு வரும்போது பாணியே மாறுகிறது. கணக்கான தாளம் விலகி, வாசிப்பவரின் விருப்பத்துக்கு இடம் விடப்படுகிறது. தந்தியை மேலே இழுத்து, விரற்பலகையில் அறையும்படி விடுகிறார்கள். 'பார்டோக் பிட்சிக்காட்டோ' எனப்படும் இந்த உத்தி இங்கே ஆலங்கட்டியாகக் கொட்டுகிறது. பின்பு மழை தணிகிறது.

கிட்டாரில் நிறம் மாற்றுவது பெரும்பாலும் வலது கையின் வேலை. பிரிட்ஜுக்கு அருகே சுண்டினால் ஒலி கூர்மையாகும். கழுத்துப் பக்கம் நகர்ந்தால் மென்மையாகும். உள்ளங்கை ஓரத்தைத் தந்திமேல் வைத்தால் ஒலி அமுங்கும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேரே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு ஸ்தாயி மேலே மணியோசை எழும். பிரிட்ஜ் ஓரம் தந்திகளைக் கட்டைவிரலால் தட்டினால் 'தம்போரா' என்னும் முரசொலி. விரல்களை வரிசையாக விரித்து வருடினால் ஃப்ளமெங்கோ. ஆகவே ஒருவருக்குக் கீழ் ஸ்வரம், ஒருவருக்குத் தாளம், ஒருவருக்கு மெட்டு என்று பிரித்து, அந்தப் பொறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால், ஒரே கருவி நான்கு கருவிகளாகக் கேட்கும்.

ஆனால் உத்திகளையும் பாணிகளையும் வரிசையாக அடுக்கினால் அது கண்காட்சியாகிவிடும், படைப்பாகாது. ப்ரூவரின் படைப்பில் ஒவ்வொரு மாற்றத்தையும் கேட்டு வாங்குவது மழைதான். பல பாணிகளைக் கலந்து எழுத விரும்பும் இளம் இசையமைப்பாளர்கள், எந்தப் பாணி என்று யோசிக்குமுன், அந்த மாற்றத்துக்கு என்ன தேவை இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளட்டும்.