கண் போடும் விகிதக் கணக்கு

ஓணத்தை ஒட்டிய வாரங்களில் திருவனந்தபுரத்துக் கடைகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் விற்பனை சூடுபிடிக்கும். தவணைக் கடன் கேட்டு நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களும் மிகுவர். பெட்டியின் மீது ‘எச்.டி.ஆர்.’ என்று அச்சிட்டிருப்பதற்காகவே சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தர நாம் முன்வருகிறோம். அந்த எழுத்துகளின் பொருளை அறிந்து பணம் செலுத்துவது நலம்.

எச்.டி.ஆர். என்பதை ‘உயர் ஒளிவீச்சு’ எனத் தமிழில் கூறலாம். ஒரு காட்சியின் மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் உள்ள விகிதமே ஒளிவீச்சு. படத்தின் நுணுக்கத்தைக் குறிக்கும் ‘4கே’ என்பது வேறு, இது வேறு.

நம் கண்ணின் ஒளிவீச்சு வியப்புக்குரியது. வெயிலிலிருந்து ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலுக்குள் சென்று ஒற்றைக்கல் மண்டபத்தில் நிற்கும்போது, கருவறையின் மூன்று வாயில்களிலும் முதலில் இருளே தெரியும். சற்று நேரத்தில் எண்ணெய் விளக்கொளியில் பள்ளிகொண்ட திருமேனி புலப்படும். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடுகிறது. விழித்திரை இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். பழகிய கண் விளக்கின் சுடரையும் அதன் அருகிலுள்ள நிழலையும் ஒருசேரக் காண்கிறது.

வீட்டுப் பூஜையறையின் குத்துவிளக்கைப் படம்பிடித்துப் பழைய தொலைக்காட்சியில் பார்த்தால் இது இயலாது. சுடர் வெறும் வெண்திட்டாகும். அல்லது நிழல் கருந்திட்டாகும். வெளிச்சத்தின் அளவு ‘நிட்’ எனப்படும். பழைய காணொளித் தரம் ஏறத்தாழ 100 நிட் உச்சத்தை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது.

கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்காக அன்றி விகிதக் கணக்காகவே உணர்கிறது. வங்கி வாடிக்கையாளர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. நூறு ரூபாய் உடையவருக்குப் பத்து ரூபாய் பெரிது. இலட்சம் உடையவருக்கு அது ஒரு பொருட்டன்று. செல்வத்தின் பயனை இவ்வாறு மடக்கைக் கணக்கில் அளந்தவர் டேனியல் பெர்னூலி, ஆண்டு 1738. புலனுணர்வுகளும் இத்தகைய விதிக்கே கட்டுப்படும் என்று ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1860இல் எழுதினார். இருட்டறையில் ஓர் அகல் பெரும் மாற்றம்; நண்பகல் முற்றத்தில் அதே அகல் கண்ணில் படுவதே அரிது.

எச்.டி.ஆர். தரமும் கண்ணின் இவ்வியல்பையே அடிப்படையாகக் கொண்டது. 2014இல் வெளியான எஸ்.எம்.பி.டி.இ. 2084 என்னும் தரம் 10,000 நிட் வரை இடமளிக்கிறது. கண்ணால் வேறுபடுத்தி அறியக்கூடிய மிகச் சிறிய மாற்றத்தை ஒட்டி ஒளிப்படிகளை அது வகுத்தது. அதனால் இருண்ட பகுதிகளில் படிகள் நெருக்கமாக அமைகின்றன. 8 பிட் முறையில் 256 படிகள், எச்.டி.ஆரில் வழக்கமான 10 பிட் முறையில் 1,024 படிகள்.

நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய இடம் இனிதான் வருகிறது. எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட் உச்சத்துக்கு உருவாக்கப்படுகின்றன. மலிவான பெட்டிகள் பலவற்றின் திரை சுமார் 300 நிட் அளவிலேயே நின்றுவிடுகிறது. அவை எச்.டி.ஆர். சமிக்ஞையை ஏற்கும், ஆயினும் அதனைச் சுருக்கியே காட்டும். பெட்டியின் மீதுள்ள வாசகம் பொய்யன்று. ஆனால் நாம் எதிர்பார்த்த பயன் கிட்டாது.

ஆகவே வாங்குமுன் மூன்றைக் கேட்டறிவோம்: திரையின் உச்ச வெளிச்சம் எத்தனை நிட்? பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி உண்டா, அல்லது ஒவ்வொரு புள்ளியும் தானே அணையக்கூடிய ஓ.எல்.இ.டி. திரையா? திரை 10 பிட் கொண்டதா? பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்துக்கு உச்ச வெளிச்சம் முக்கியம். இரவில் விளக்கணைத்துப் பார்ப்போருக்கு ஆழ்ந்த கருமை முக்கியம். கடையின் பளீரென்ற விளக்கொளியில் இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. இருண்ட காட்சி ஒன்றை இயக்கிக் காட்டுமாறு கேட்பதில் தயக்கம் வேண்டா. விடைகள் நிறைவளிக்காவிடில் சாதாரணப் பெட்டியையே வாங்கலாம், தவணையும் குறையும். திரை தராத ஒளிக்கு நாம் ஏன் வட்டி கட்ட வேண்டும்?