உவர்க்கரையில் கொட்டகைச் சுவர்ப் பூச்சு

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் முதலிய கடலோரக் கிராமங்களில், காவலுக்கும் விதை வைப்பதற்கும் மண்சுவர்க் கொட்டகை போடும் குடியானவர்கள் அழகை உத்தேசித்துச் சிமிட்டி பூசுவதுண்டு. அது வீண் செலவு. உவர்நிலத்து ஈரம் சுவர் வழியே மேலேறும்; சிமிட்டி அதனை எளிதில் வெளிவிடாது. உள்ளே உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். ஈரம் தங்கிய கொட்டகையில் விதையும் முளைப்புக் கெடும்.

கிளிஞ்சற் சுண்ணாம்பே இவ்விடத்திற்கு ஏற்றது. ஈரம் ஆவியாக வெளிப்பட அது இடங்கொடுக்கும். நீற்றிய சுண்ணாம்பை இரண்டு வாரமேனும் நீரில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைக்கவேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கூட்டினால் பிடிப்பு மிகும். அருகில் கிடக்கிறதென்று கடல் மணலை அள்ளலாகாது. ஆற்று மணலையும் நல்ல நீரில் அலசி, அந்நீரை நாவில் வைத்துப் பார்த்து, கரிப்பு நின்றபின்னரே சேர்க்கவேண்டும்.

தரையிலிருந்து ஒரு முழம் வரை சுண்ணாம்பு பூசாது, செம்மண்ணும் சாணமும் கலந்து மெழுகுவது யுக்தம். உப்பு முதலில் அங்கேயே பூக்கும். வருஷந்தோறும் போகிக்கு முன் சுரண்டி மறுபடி மெழுகச் செலவு அற்பமே. அதன் மேல்விளிம்பில் காவிப்பட்டை இழுத்தால் வெள்ளைச் சுவர் எடுப்பாகத் தோன்றும். கோலம் வீட்டுப் பெண்டிரின் விருப்பம்.

மழைக்காலத்தில் பூசிய சுண்ணாம்பு எளிதில் இறுகாது. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரியருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலை இப்பக்கத்தார் மறந்திரார். மாசியில் பூசி, வெயில் நேரே படாமல் ஓலைத்தட்டி சார்த்தி, ஒரு வாரம் நல்ல நீர் தெளித்துவரவேண்டும்.