25 வயதில் பாலபாடம்!

"இந்த வயதுக்கு மேல் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று சலித்துக்கொள்வோர் பலர். பள்ளிக்கூடம் முடிந்ததும் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவர் அப்படி நினைக்கவில்லை.

தேனி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943-ல் இளையராஜா பிறந்த ஊர் அது. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்டு மேடைகளில் பாடுவார். 14 வயதில் தம்பியும் அந்தக் குழுவில் சேர்ந்தார். சுமார் பத்து ஆண்டுகள் ஊர் ஊராகக் கச்சேரி! காதில் விழுந்த மெட்டு கையில் வந்தது.

கேள்வி ஞானம் போதுமா?

போதாது என்று நினைத்தார். 1968-ல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக உட்கார்ந்தார். மேல்நாட்டு இசையை ஐந்து கோடுகளின் மேல் எழுதுவார்கள். அதைப் படிக்கவும் எழுதவும் கற்றார். அப்போது வயது சுமார் 25! முதல் படமான 'அன்னக்கிளி' வெளிவந்ததோ 1976-ல்தான்.

ஒருவர் மனத்தில் ஒலிப்பதைப் பல வாத்தியக்காரர்கள் ஒரே சமயத்தில் வாசிக்க வேண்டுமானால், அதை எழுதித்தான் தரவேண்டும். 2025 மார்ச் 8-ந் தேதி, லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்தது. அவருக்கு அப்போது வயது 81.

எல்லோரும் இசை மேதை ஆகிவிட முடியாது, உண்மைதான். ஆனால், கச்சேரி கேட்கிறவர் மாதம் ஒரு ராகத்தையாவது அடையாளம் கண்டுகொள்ளப் பழகலாம். இரவு படுக்குமுன் பத்துப் பக்கம் படிக்கலாம். பரணில் கிடக்கும் புத்தகத்தை இன்றே தூசி தட்டி எடுங்கள்!