130 நாளா, 35 நாளா?

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. அதையடுத்து முடிவான செட்டில்மென்டில், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 130 நாளுக்கும் மேலான மொத்தச் சம்பளம் என்று கணக்குப் போடப்பட்டது. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2020 ஜனவரி 31 அன்று, பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,500-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது, முடித்த ஆண்டுக்கு 35 நாள், மிச்சமிருந்த ஆண்டுக்கு 25 நாள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தனியார்க்காரனுக்குத்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்று சொல்வோர் உண்டு. மாதாமாதம் பென்ஷன் வருவதைக் காட்டி, "அரசாங்கத்துக்காரனுக்கு என்ன குறை?" என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. இரு தரப்பும் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி.எஸ்.என்.எல்.லில் 54 வயதுக்காரர் ஒருவர். 30 ஆண்டு சர்வீஸ், மிச்சம் 6 ஆண்டு. 1,050 நாளும் 150 நாளும் சேர்ந்து 1,200 நாள், அதாவது 40 மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 24 லட்சம். வீட்டிலிருந்தபடி மாதம் ஏறத்தாழ 30,000 பென்ஷன். ஆறு ஆண்டில் 21 லட்சத்து 60 ஆயிரம். கூட்டினால் 45 லட்சத்தைத் தாண்டுகிறது. இதே சம்பளத்தில் 60 வயது வரை வேலைக்குப் போயிருந்தால் வருவது 43 லட்சத்துச் சொச்சம்தான். இன்கிரிமென்டையும், பின்னால் வரக்கூடிய கூடுதல் பென்ஷனையும் இழந்தார் என்பது உண்மையே. ஆனாலும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருந்த நிறுவனத்தில் பாதிக்கு மேல் ஏன் கையெழுத்துப் போட்டார்கள் என்பது இந்தக் கூட்டலில் விளங்கிவிடும்.

அதற்காக எல்லாம் சுகமாக நடந்தது என்றில்லை. 2019-இல் சம்பளமே தள்ளித் தள்ளி வந்தது. பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் 60 வயதுக்குப் பிறகுதான் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். பணிக்கொடையும் கைக்கு வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. மகள் கல்யாணத்தையோ வீட்டுக் கடனையோ மனத்தில் வைத்திருந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல. விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வந்து பழைய சம்பள உயர்வைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் ஏ.கே. பிண்டால் வழக்கில் 2003-லேயே சொல்லிவிட்டது.

இப்போது ஃபோர்டு பக்கம். 37 வயது, 15 ஆண்டு சர்வீஸ். 130 நாள் வீதம் 1,950 நாள், 65 மாதச் சம்பளம். தொகை பெரியதுதான். ஆனால் 58 வயதுக்கு இன்னும் 252 மாதம் இருக்கிறது. அவர் கைக்கு வந்தது அதில் கால்பங்கு. மாதப் பென்ஷன் என்று பார்த்தால் பி.எஃப். அலுவலகம் தருவது மட்டுமே. அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், 35 ஆண்டு முழுக்க உழைத்தவருக்கே மாதம் 7,500 அளவில்தான் வரும். 54 வயதுக்காரர் வாங்கிய பணம் ஓய்வுக்காலத்துக்கு மேல்வரும்படி. 37 வயதுக்காரரோ அதை வைத்துத்தான் வேறு பிழைப்பு தேட வேண்டும். என்னைக் கேட்டால், நாள் எண்ணிக்கை என்ன சொன்னாலும், இந்த இரண்டில் குறைவாகப் பெற்றவர் இவர்தான்.

அந்த 130-ஐயும் நிர்வாகம் தானாக நீட்டவில்லை. ஏற்றுமதிக்கான எக்கோஸ்போர்ட் கார்கள் இன்னும் முடியாமல் இருந்த நேரத்தில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். ஒரு கட்டத்தில் நிர்வாகம் சொன்னது 115 நாள். கார்கள் தேங்கியிருந்ததால் பேரம் மேலே ஏறியது. சங்கமும் இல்லாமல், முடிக்க வேண்டிய ஆர்டரும் இல்லாமல் மூடப்படும் சின்ன ஆலையில் இந்தப் பேரத்துக்கு இடமே கிடையாது.

அங்கே மிஞ்சுவது சட்டம் சொல்லும் தொகை: ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம். தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட அளவு இது. இதுகூட ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கே. தானாக விருப்ப ஓய்வு வாங்கினால் அது ஆட்குறைப்பே அல்ல என்று சட்டம் விலக்கி வைக்கிறது. மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை கேட்கும் உரிமையும் அதோடு போய்விடும். 'இஷ்டப்பட்டுப் போனார்' என்று காகிதத்தில் எழுதி வாங்குவதில் நிர்வாகங்களுக்கு ஏன் இத்தனை அக்கறை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கோ அந்த 35-ம் இல்லை, 130-ம் இல்லை, பி.எஸ்.என்.எல்.லில் அவர்களில் பலர் மாதக்கணக்கில் பாக்கி நின்ற கூலிக்கே போராடினார்கள்.

வரி விஷயத்தில் மட்டும் இரு துறைக்கும் ஒரே நீதி. விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் வரைதான் வரி கிடையாது. இந்த வரம்பு 1990-களில் வைத்தது. விடுப்புச் சம்பளத்துக்கான விலக்கு 2023-இல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமானபோதும் இதை யாரும் தொடவில்லை.

தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அதே 15 நாளைத்தான் வைத்திருக்கிறது. அரசு அனுமதி வாங்காமல் ஆலையை மூடலாம் என்பதற்கான வரம்பையோ 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்திவிட்டது. ஆனால் அதிலேயே ஒரு வாசகம் இருக்கிறது: 15 நாள், அல்லது உரிய அரசு அறிவிக்கும் நாட்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தனியார் ஆலைகளுக்கு அந்த 'உரிய அரசு' தமிழ்நாடு அரசுதான். 15-ஐ 30 ஆக்கவோ 45 ஆக்கவோ நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை. கோட்டையிலிருந்து ஓர் அறிவிக்கை போதும்.