அதிவேக ரயில் வருதாம்... எங்க ஊர்ல நிக்குமா?

போன பொங்கலுக்கு மதுராந்தகம் தாண்டி இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்ததும் சண்டை ஆரம்பித்தது. ஒரு பக்கம் என் அண்ணன் மகள். கூடுவாஞ்சேரியில் வீடு, கிண்டியில் வேலை. இன்னொரு பக்கம் பெரியப்பா. வயது 76. ஒன்றரை ஏக்கர் ஏரிப் பாசன நஞ்சை, ஒரு கிணறு, நாலு தென்னை. அதுதான் அவர் உலகம்.

"தாத்தா, மெட்ராஸ்லேர்ந்து விழுப்புரத்துக்கு 160 கிலோமீட்டர் வேகத்துல ரயில் விடப்போறாங்களாம். இனிமே நான் வாரா வாரம் வந்துடுவேன்" என்றாள் அவள்.

பெரியப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நம்ம ஊர்ல நிக்குமா கண்ணு?"

அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினேன்.

என்ன திட்டம் இது?

2025 மார்ச் 14 அன்று தமிழ்நாடு பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, மூன்று தடங்களில் மித அதிவேக ரயிலுக்கான சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்று அறிவித்தார். சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 167 கி.மீ. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர் வரை 140 கி.மீ. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை 185 கி.மீ. வேகம் மணிக்கு 160 கி.மீ.

இதைப் பலர் 'புல்லட் ரயில்' என்றே சொல்கிறார்கள். அது சரியல்ல. மும்பை - அகமதாபாத் இடையே கட்டப்பட்டு வருவதுதான் புல்லட் ரயில். ஜப்பான் தொழில்நுட்பம், 320 கி.மீ வேகம். நமக்குச் சொல்லப்பட்டிருப்பது டெல்லி - மீரட் இடையிலான 'நமோ பாரத்' போன்ற ரயில். 82 கி.மீ நீளமுள்ள அந்தத் தடத்துக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2023 அக்டோபரில் முதல் 17 கி.மீட்டரில் ரயில் ஓடியது.

ஆய்வு என்பது முதல் படிதான். அதன் பிறகு விரிவான திட்ட அறிக்கை, நிதி, மத்திய அரசின் ஒப்புதல் என்று பல படிகள் இருக்கின்றன. எந்தச் சர்வே எண்ணில் தூண் விழும் என்பது கடைசியில்தான் தெரியவரும். ஆனால் பேச வேண்டியதைப் பேச அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சொல்லப்போனால், அதற்கு முன்பு பேசினால்தான் பயன்.

தாம்பரத்துக்காரர் ஏன் வேண்டும் என்கிறார்?

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் நடைமேடையில் ஒருமுறை நின்று பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து வரும் மின்ரயில், கூடுவாஞ்சேரி வரும்போதே நிரம்பிவிடுகிறது. ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் இன்னும் ஏறுகிறது. தாம்பரத்தில் ஏறுபவர்கள் ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் மாலை பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்ட அனுபவம் இல்லாத சென்னைவாசி யார்?

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோது, பக்கத்தில் இறங்குவதற்கு ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. தென்மாவட்டத்துக்காரர்கள் மூட்டை முடிச்சோடு தவித்ததை மறக்க முடியாது. விமான நிலையம் - கிளாம்பாக்கம் மெட்ரோவுக்கும் மக்கள் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு நியாயமும் உண்டு. விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ ஒரு மணி நேரத்தில் வேலைக்கு வந்து போக முடிந்தால், ஊரை விட்டு வந்து கூடுவாஞ்சேரியில் வாடகைக்கு இருக்க வேண்டிய அவசியமே பலருக்கு இருக்காது. அண்ணன் மகளின் ஆசையை வெறும் சொகுசு என்று தள்ளிவிட முடியாது.

நின்றதால் வளர்ந்த ஊர்கள்

பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம்.

1870களில் எழும்பூரிலிருந்து தெற்கே தண்டவாளம் போட்டபோது தாம்பரம் ஒரு சின்ன ஊர். 1931 மே மாதம் கடற்கரை - தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்ரயில் அதுதான். அந்த ரயில் வேகமாகப் போனதால் மட்டும் தென்சென்னைப் புறநகர் உருவாகிவிடவில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை என்று அது நின்று நின்று போனதால்தான் உருவானது. நின்ற இடத்தில் கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மனை விலை ஏறியது.

அதிவேக ரயிலின் கணக்கு வேறு. வேகமும் நிறுத்தமும் எதிரிகள். அடிக்கடி நின்றால் வேகம் எடுக்க முடியாது. மும்பை - அகமதாபாத் தடத்தில் 508 கி.மீட்டருக்கு 12 நிலையங்கள்தான். இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு ரயில் தலைக்கு மேலே போகும் சத்தம் மட்டும்தான். 'நமோ பாரத்' வகை ரயில் கொஞ்சம் பரவாயில்லை. ஐந்து முதல் பத்து கி.மீட்டருக்கு ஒரு நிலையம் என்பது அதன் கணக்கு. ஆனாலும் நமது 167 கி.மீட்டரில் நிறுத்தங்கள் எங்கே எங்கே என்பதுதான், இந்தத் திட்டத்தால் கிராமத்துக்கு லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிக்கப்போகிறது.

கட்டணமும் முக்கியம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயிலில் 10 ரூபாய். டெல்லி நியூ அசோக் நகரிலிருந்து மீரட் தெற்கு வரை 55 கி.மீ போக, 2025 ஜனவரியில் வைத்த சாதாரண வகுப்புக் கட்டணம் 150 ரூபாய். தினமும் போய்வரும் ஒரு விற்பனைப் பெண்ணோ கட்டடத் தொழிலாளியோ இதில் ஏற முடியுமா?

நிலம் மட்டுமா போகும்?

ரயிலின் வேகம் கூடக் கூட, வளைவு பெரிதாக இருக்க வேண்டும். பழைய ரயில்பாதை ஏரியைச் சுற்றும், கோயிலை ஒதுங்கிப் போகும். அதிவேகப் பாதைக்கு அந்தச் சலுகை குறைவு. அது நேர்கோடு கேட்கும். நடுவில் இருப்பது தோப்பா, கிணறா, சுடுகாடா என்று பார்க்காது.

எங்கள் பெரியப்பாவுக்கு இதில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு சாலைக்காக அவர் நிலத்தில் 22 சென்ட் எடுத்தார்கள். காகிதத்தில் 22 சென்ட்தான். ஆனால் சாலை நிலத்தின் நடுவே போனதால், கிணறு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்றானது. அந்தப் பக்கத்து வயலுக்கு டிராக்டர் போக மூன்று கி.மீ சுற்ற வேண்டும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருந்ததால், இழப்பீடு கைக்கு வர ஏழு வருடம் ஆனது. "எடுத்த நிலத்துக்குக் காசு குடுத்தாங்க. கெட்டுப்போன நிலத்துக்கு யாரு குடுப்பா?" என்பார்.

இதற்கு ஒரு வழி, ரயிலைத் தூண்கள்மேல் விடுவது. மும்பை - அகமதாபாத் தடத்தில் 460 கி.மீட்டருக்கு மேல் தூண்கள்மீதுதான் போகிறது. அதற்கு 17.5 மீட்டர் அகல நிலம் போதும் என்கிறார்கள். அடியில் மாடும் டிராக்டரும் தண்ணீரும் தடையில்லாமல் போகலாம். செலவுதான் மிக அதிகம். டெல்லி - மீரட் தடத்தில் கணிசமான தூரத்துக்குச் சாலையின் நடுவிலேயே தூண்களை நிறுத்தி நிலத் தேவையைக் குறைத்தார்கள். நம் ஜி.எஸ்.டி. சாலையில் மேம்பாலங்களும் மெட்ரோ திட்டமும் ஏற்கெனவே இடம் கேட்டு நிற்கின்றன. மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் எங்கே என்பது நியாயமான கேள்வி.

தண்ணீர் போகும் வழி

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவுகளாயின. முதல் மாடியிலிருந்து படகில் இறங்கியவர்கள் இன்றும் அடையாறு கரையோரம் வசிக்கிறார்கள். மழை மட்டுமே காரணமில்லை. வாய்க்காலை அடைத்த கட்டடங்களும், நீர்வழிக்குக் குறுக்கே எழுந்த மேடுகளும் அங்கே தண்ணீரைத் தேக்கின என்பது அந்தப் பகுதி மக்களின் நீண்ட நாள் புகார்.

செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். கொளவாய், மதுராந்தகம் போன்ற பெரிய ஏரிகள் மட்டுமல்ல, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் நூற்றுக்கணக்கான சிற்றேரிகளும் இங்கே உண்டு. மதுராந்தகத்தில் ஏரிக்கரை உடையாமல் காத்ததாக ஊரே நம்பும் 'ஏரி காத்த ராமர்' கோயில் கொண்டிருக்கிறார். கரை என்றால் என்ன, கலங்கல் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இருக்கின்றன. இங்கே 20 அடி உயர மண்மேட்டில் ரயில்பாதை போட்டால், ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி. தூணா, மண்மேடா என்பது வெறும் பொறியாளர் விவகாரம் அல்ல.

மற்றவர்கள் என்ன கற்றார்கள்?

கேரளத்தைப் பாருங்கள். காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை 529 கி.மீ, நான்கு மணி நேரம், 63,940 கோடி ரூபாய் என்று 'சில்வர் லைன்' திட்டம் வந்தது. பாதையில் பாதிக்கு மேல் மண்மேடு. 2018 வெள்ளத்தைப் பார்த்த மக்கள் அதை ஏற்கவில்லை. வீட்டு முற்றத்தில் நட்ட மஞ்சள் நிற சர்வே கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். 2022 நவம்பரில், நில எடுப்புக்காக அமர்த்திய அலுவலர்களை அந்த அரசு திரும்ப அழைத்துக்கொண்டது. மக்களிடம் பேசும் முன்பே கல் நட்டதுதான் கோபத்தை மூட்டியது.

நம்மூரிலும் இது நடந்தது. தாம்பரம் பக்கத்திலிருந்து சேலத்துக்கு 277 கி.மீ எட்டு வழிச்சாலை என்று 2018-ல் அளவுக்கல் நட்டார்கள். விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அறிவிக்கைகள் செல்லும் என்றது. சாலை இன்னும் வரவில்லை. அத்தனை வருடமும் அந்த நிலத்தை விற்கவும் முடியாமல், நம்பி முதலீடு செய்யவும் முடியாமல் தவித்த குடும்பங்களுக்கு என்ன இழப்பீடு?

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். லண்டனிலிருந்து மான்செஸ்டர் வரை திட்டமிட்ட 'எச்.எஸ்.2' அதிவேகப் பாதையில், பர்மிங்காமுக்கு வடக்கே போகும் பகுதியை 2023 அக்டோபரில் கைவிட்டார்கள். அதற்குள் வீடுகளையும் நிலங்களையும் வாங்கி முடித்திருந்தார்கள்.

எதிர்முனையில், ரயில் வேண்டும் என்று கேட்டும் கிடைக்காத ஊர்களும் உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்த பாதைக்கு, சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை வெறும் 1,000 ரூபாய்!

உங்கள் கையில் இருக்க வேண்டியவை

தடம் எங்கே வந்தாலும் சரி, நிலம் வைத்திருப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு.

* பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று, புலப்பட நகல் ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

* கிணறு, ஆழ்துளைக் கிணறு, மரம், பம்ப் ஷெட் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள்.

* எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்பது முக்கியம். 2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. ரயில்வே சட்டம், மெட்ரோ சட்டம், தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் எடுத்தால் அது கட்டாயமில்லை. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படிதான். கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு மடங்கு வரை பெருக்கி, மரம், கட்டடத்தின் மதிப்பைக் கூட்டி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்க்க வேண்டும்.

* ரயில்வே சட்டத்தின் சிறப்புத் திட்டம் என்றால், அறிவிக்கை வந்து 30 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். நாள் தவறவிடாதீர்கள்.

* தொகை குறைவு என்று தோன்றினால், 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டு வாங்குங்கள். பின்னால் கூடுதல் கேட்க அது உதவும்.

திண்ணையில் முடிந்த பேச்சு

ரயில் வேண்டாம் என்று பெரியப்பா சொல்லவில்லை. அவர் முதன்முதலில் மெட்ராஸ் பார்த்ததே மதுராந்தகத்தில் ரயில் ஏறித்தான். நிலம் எடுக்கும் ஊரில் நிறுத்தமும், தண்ணீர் போகும் இடத்தில் தூணும் கேட்கிறார். கல் நடுவதற்கு முன்பு கிராம சபையில் வரைபடத்தை விரித்துவைத்துப் பேசச் சொல்கிறார்.

கிளம்பும்போது அண்ணன் மகள் அவர் பட்டா நகலைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பெயர் மாற்ற அவளே தாலுகா ஆபீசுக்கு மனு தயார் செய்வதாகச் சொன்னாள்.

"லீவு போட்டுட்டு வருவியா?" என்றார் பெரியப்பா.

"சனிக்கிழமை ராத்திரி பாசஞ்சர்ல வந்துடறேன் தாத்தா. அது நம்ம ஊர்ல நிக்கும்" என்றாள்.