ஐஸ் ஹவுஸில் உருவான டீச்சர்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு வந்தால் மெரினாவுக்குப் போகாம இருப்பீங்களா? கடலைப் பார்த்தபடி நிற்கிற விவேகானந்தர் இல்லத்தின் முன்னால் செல்ஃபிகூட எடுத்திருப்பீங்க. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டடம் அது. 'ஐஸ் ஹவுஸ்' என்ற பேர் அப்படி வந்ததுதான். ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு அங்கே தங்கிப் படித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால், வயசுக்கு வந்த மகளை ஹைஸ்கூலுக்கு அனுப்பணும்னா, பெற்றோருக்கு ஒரு தயக்கம்: பாடம் நடத்துறது ஆம்பளை வாத்தியாரா? பெண் டீச்சர் இல்லைன்னா பெண்கள் படிக்க வரமாட்டாங்க. பெண்கள் படிக்கலைன்னா டீச்சர் எங்கிருந்து வருவாங்க?

இந்த முடிச்சை அவிழ்க்க வழி கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயசில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துட்டார். அன்றைய பிராமணக் குடும்பங்களில் அப்படிப்பட்ட சிறுமிக்குக் கிடைத்தது மொட்டைத் தலையும் மூலையில் ஓர் இடமும்தான். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதிரே வந்தால் அபசகுனம்! ஆனா, சுப்புலட்சுமியின் வீட்டில் அவரைப் படிக்க வெச்சாங்க. 1911-ல் பிரசிடென்சி காலேஜில் முதல் வகுப்பில் பி.ஏ. முடித்தார்.

அடுத்த வருஷமே எழும்பூரில் ஒரு வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய விதவைச் சிறுமிகளோடு விடுதி தொடங்கினார். அவங்களுக்குப் படிப்பும் வேலையும் வேணும், அரசுக்கோ பெண் ஆசிரியர்கள் வேணும். ரெண்டும் பொருந்திப்போச்சு. பெண்கள் அதிகமாக, ஐஸ் ஹவுஸை அரசு வாங்கியது, விடுதி அங்கே மாறியது. 1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது, பள்ளியோடு. முதல் தலைவர் சுப்புலட்சுமிதான். அபசகுனம்னு ஒதுக்கப்பட்டவங்ககிட்டதான் ஊர்க்காரங்க தங்கள் மகள்களைப் படிக்க அனுப்பினாங்க.

ஒண்ணு உறுத்துது. அந்த விடுதியில் பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான் இடம். மற்றவங்களோடு சேர்ந்து சாப்பிடணும்னா அந்தக் குடும்பங்கள் அனுப்பியிருக்கவே மாட்டாங்கன்னு நியாயம் சொல்லலாம். அரசுப் பணத்தில் நடந்த விடுதிக்கு அது போதுமான பதிலா? பக்கத்து மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி தொடங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

அவர் ஆரம்பித்த இன்னொரு பள்ளி சாரதா வித்யாலயா. 1938-ல் ராமகிருஷ்ண மிஷன் பொறுப்புக்குப் போனது. தி.நகர் ஷாப்பிங்குக்குப் போறப்போ கடந்திருப்பீங்களே, அதேதான்!